சுறாக் கருவாட்டில் மூன்று பட்டைகள்

போன மாதம், நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். ஃப்ரீசரின் அடித்தட்டில் விரல் நுனியளவு குப்பிகள் கொஞ்சம் கிடக்கின்றன, எறியலாமா என்று கேட்டாள். எறியச் சொன்னேன். நான் கவலைப்படுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறாள் போல. காலாவதியான என்சைமுக்காகக் கவலைப்படும் வழக்கம் என்னிடம் இல்லை. இப்போதெல்லாம் மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஓர் இயந்திரம் டிஎன்ஏயை எழுத்தெழுத்தாக வாசித்து, இது இன்ன மீன் என்று சொல்லிவிடுகிறது. நல்ல விஷயம். நாங்கள் வாசிக்கவில்லை. வெட்டினோம்.

"வெட்டி என்னத்தைக் கண்டுபிடிச்சனீங்கள், அன்ரி?" என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்ல ஏலாத கதை என்பதால் எழுதுகிறேன்.

நான் திரியாயில் பிறந்தேன், பட்டணத்தில் படித்தேன், கொழும்பில் பயிற்சி பெற்றேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கே மின்சாரம் நிற்கவில்லை. பிறகு உள்துறைமுகக் கரையில் இருந்த எங்கள் சிறிய ஆய்வுகூடத்துக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். பெட்டியில் எழுதியிருக்கும் மீன்தான் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. பாரை என்று எழுதிய பெட்டியில் பெரும்பாலும் பாரைதான் இருந்தது.

ஆய்வுகூடத்தின் தலைவி டொக்டர் செல்வரூபி. நாங்கள் மெடம் என்போம். ஒல்லியான உருவம், மெதுவான குரல், எப்போதும் ஒரு கறுப்புக் குடை. வெயிலில் இரண்டு அடி நடப்பதற்கும் குடையை விரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபப்பட்டும் பார்த்ததில்லை. நாங்கள் ஒரு முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சரி என்றோ பிழை என்றோ சொல்லமாட்டார். "வேற என்னவாய் இருக்கலாம்?" என்று மட்டும் கேட்பார். இந்தக் கேள்விக்குப் பயந்து ஒருவர் மாற்றலாகிப் போனதாகக் கதை. நான் நம்புகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என்னைக் கதிரையில் இருத்தி, என்சைமைப் பற்றிச் சொன்னார். பக்டீரியாவுக்கும் நோய் வரும். வைரஸ் வந்து ஒட்டிக்கொண்டு தன் டிஎன்ஏயை உள்ளே செலுத்தும். அதை வெட்டிப்போட பக்டீரியா ஒரு கத்தி வைத்திருக்கிறது. அதுதான் இந்த என்சைம். கண்ட இடத்தில் அது வெட்டாது. டிஎன்ஏயின் நீளத்துக்கும் போய், தனக்கென்று உள்ள ஓர் எழுத்து வரிசையைக் கண்டால் அங்கே மட்டும் வெட்டும். ஒரு என்சைமுக்கு ஜீ, ஏ, ஏ, டீ, டீ, சீ. ஆறு எழுத்தில் ஒன்று மாறியிருந்தாலும் விட்டுவிட்டுப் போய்விடும். வேறொரு பக்டீரியாவின் என்சைமுக்கு வேறு எழுத்துகள்.

"அப்ப பக்டீரியாட சொந்த டிஎன்ஏயில அந்த எழுத்துகள் இருந்தால், மெடம்?"

"இருக்கும். அந்த இடங்களில அது முன்னமே பொட்டு வைச்சிருக்கும். பொட்டைக் கண்டால் கத்தி விலகிப்போகும். பொட்டில்லாதது பிறத்தி."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் புகுந்த வீட்டிலும் இதே ஒழுங்குதான் இருந்தது.

என்சைமைக் கையாளுவதில் மெடத்துக்குச் சில சட்டங்கள். குப்பியை மூடியில் பிடிக்கவேண்டும். அடியில் பிடித்தால் விரல் சூடு போய்விடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் நேரே ஐஸுக்குள். எல்லாவற்றையும் கலந்த பிறகுதான், கடைசியாக, என்சைம். குலுக்கக் கூடாது, விரலால் சுண்டினால் போதும். பிறகு வோட்டர் பாத் என்ற வெந்நீர்த் தொட்டியில் முப்பத்தேழு பாகையில் வைத்துக் காத்திருக்கவேண்டும். மே மாதத்தில் வோட்டர் பாத்தை நிற்பாட்டிவிட்டு மேசையில் வைத்தாலும் வெட்டும், ஊருக்கே முப்பத்தேழுதானே என்று ஒருமுறை சொன்னேன். மெடம் சிரிக்கவில்லை. வோட்டர் பாத்துக்கு வெப்பமானி வைத்து, அதை வாசிக்கும் வேலையை என்னிடம் தந்தார்.

மின்சாரம் நின்றால் ஒரே ஓட்டம். மீன் அடுக்கும், பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஐஸ் பக்டரிக்குப் போவேன். தூள் ஐஸை நிரப்பி, அதற்குள் கல்லுப்பைக் கொட்டிக் கிளறி, குப்பிகளைப் புதைத்துவிடுவோம். உப்புச் சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிட நன்றாகக் குளிரும். கரையில் உள்ளவர்களுக்கு இது புதினமில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் சூரை மீனுக்கு ஐஸ் வாங்குவார்கள். "உங்களிட்ட எவ்வளவு மீன், அக்கா?" என்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு என்று உண்மையைச் சொல்லுவேன். பிறகு ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இனி அந்த வழக்கு.

சாம்பல்தீவுக் கரையில் அன்னபாக்கியம் என்றொரு பெண் கருவாடு போட்டு விற்பவர். புருஷன் கடலில் இறந்துவிட்டார். ஒரே மகள் சுமதி. மருமகன் யோகன், கடல் தொழில். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் ஒரு சின்ன வீடு கட்டித் தாய் இருந்தார். சந்தைக்குக் கொண்டுபோன கருவாட்டுச் சாக்கை ஒருநாள் கடற்றொழில் பரிசோதகர் மறித்தார். இறைச்சி கறுப்பாக இருக்கிறது, இது சுறா இல்லை, ஓங்கில் என்றார். ஓங்கில் என்பது டொல்பின். அதைப் பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம், மறியலுக்கு, அதாவது சிறைக்குப் போகலாம். அன்னபாக்கியத்தைப் பிணையில் விட்டு, சாக்கிலிருந்து எடுத்த துண்டுகளை முத்திரை வைத்து எங்களிடம் அனுப்பினார்கள்.

மறுநாள் அந்த அம்மா ஆய்வுகூட வாசலுக்கு வந்துவிட்டார். மெடம் பார்க்க மறுத்துவிட்டார். அது சரியானதே. ஆனால் காவலாளி ஒரு கதிரையைக் கொடுத்துவிட்டதால், நான் அவரைத் தாண்டித்தான் சாப்பிடப் போகவேண்டியிருந்தது.

"பிள்ளை, நான் ஓங்கிலைத் தொடமாட்டன். எங்கட அவர் வள்ளம் கவிண்டு கடலில கிடந்த நேரம், ஓங்கில் சுத்திச் சுத்தி நிண்டதாம். அதைக் கண்டுதான் தேடிப் போனவை உடம்பைக் கண்டெடுத்தவை. அதைப் போய் நான் வெட்டுவனே? அது சுறா. என்ர கையால வெட்டினனான்."

"நாங்கள் பாத்துத்தான் சொல்லுவம், அம்மா."

"வடிவாப் பாருங்கோ. மகளுக்குப் பிள்ளை பிறந்து கிடக்கு. நான் மறியலுக்குப் போனால் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டவும் ஆளில்லை."

ஓங்கில் சுற்றி நின்றது சான்று ஆகாது. ஆனால் நான் அவரை நம்பினேன். உள்ளே போய்க் கையுறை போடும்போது, கடவுளே சுறாவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். விஞ்ஞானத்தில் இதற்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும்.

செய்முறை லேசானது. இறைச்சியிலிருந்து டிஎன்ஏயைப் பிரித்து, அதில் ஒரு குறித்த பகுதியை மட்டும் பல மடங்காகப் பெருக்குவோம். அந்தப் பகுதி சுறாவிலும் உண்டு, ஓங்கிலிலும் உண்டு. நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் நாங்கள் தெரிவுசெய்த என்சைம் தேடும் எழுத்துகள் ஓங்கிலின் துண்டில் ஓர் இடத்தில் இருக்கின்றன. சுறாவின் துண்டில் இல்லை. என்சைமைப் போட்டு, பிறகு மின்சாரம் கொடுத்து ஜெல் என்ற களித்தகட்டில் ஓடவிட்டு, விளக்குக்கு மேல் வைத்துப் பார்த்தால், ஓங்கில் வெட்டுப்பட்டு இரண்டு பட்டையாகத் தெரியும். சின்னத் துண்டுதான் கீழே தூரம் ஓடும்; சுறா வெட்டுப்படாமல் மேலே ஒரே பட்டையாக நிற்கும். ஒன்றென்றால் அன்னபாக்கியம் வீட்டுக்கு, இரண்டென்றால் மறியலுக்கு.

மூன்று தெரிந்தது.

மேலே ஒரு தடித்த பட்டை, கீழே இரண்டு மெல்லிய பட்டைகள். பக்கத்து வரிசைகளில், ஒப்பிட வைத்திருந்த உண்மையான சுறாவும் உண்மையான ஓங்கிலும் தங்கள் தங்கள் இடத்தில் ஒழுங்காக நின்றன. முடிவைக் கேட்க வந்திருந்த பரிசோதகர் இளம் ஆள், வேலையில் அக்கறையானவர். எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப ஓங்கில்தானே, மெடம்?" என்றார்.

"வேற என்னவாய் இருக்கலாம்?" என்றார் மெடம்.

பரிசோதகருக்கு இந்தக் கேள்வி புதிது. என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: முழுக்க ஓங்கிலாக இருந்து, என்சைம் பாதியை மட்டும் வெட்டி மீதியை விட்டிருக்கலாம். அல்லது இரண்டு இறைச்சியும் கலந்திருக்கலாம். மாதிரியில் உப்பு ஏறியிருப்பதால் என்சைம் சோர்ந்திருக்கவும் கூடும். "என்சைமை இரண்டு மடங்காப் போட்டுப் பாப்பமோ, மெடம்?"

"போடலாம். பிறகு அது கண் மண் தெரியாமல் வெட்டும். அதையும் நீர்தான் கோட்டில விளங்கப்படுத்தோணும்."

என்சைமைக் கிளிசரினில் கலந்துதான் விற்பார்கள். அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் கிளிசரினும் கூடிவிடும். என்சைமுக்குப் பித்தம் தலைக்கேறும். தன் ஆறு எழுத்தை மறந்து, அதைப்போல இருக்கிற இடங்களிலும் வெட்டத் தொடங்கும். ஆகவே வேறு வழியில் போனோம். மாதிரியைச் சுத்தப்படுத்தி, டிஎன்ஏயைக் குறைத்து, அதே அளவு என்சைமோடு நீண்ட நேரம் வைத்தோம். இன்னொரு குப்பியில் அதே மாதிரியோடு தெரிந்த ஓங்கிலைக் கலந்து வைத்தோம். கலந்த ஓங்கில் மிச்சமில்லாமல் வெட்டுப்பட்டது. என்சைம் சோரவில்லை. அப்படியும் மேலே இருந்த தடித்த பட்டை அசையவில்லை. ஆகவே அது சுறாதான். கீழே தெரிந்தது ஓங்கில்தான்.

"கலந்து வித்திருக்கிறா," என்றார் பரிசோதகர். எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. அந்த அம்மா பொய் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தபோது, என்னை ஏமாற்றியதுபோலக் கோபம் வந்தது.

மெடம் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வேற என்னவாய் இருக்கலாம்?" இந்த முறை தன்னிடமே கேட்டார். பிறகு சொன்னார்: "கமலா, துண்டை உரியும்."

அடுக்கடுக்காக உரித்தேன். ஒவ்வொரு படைக்கும் புதிய பிளேட், புதிய கையுறை, புதிய தட்டு. மேலே உப்புப் படிந்த தோலை முதலில் சீவினேன். அதன் கீழ் ஒரு படை. பிறகு இன்னொன்று. கடைசியாக நடுவில், உப்பும் சரியாக ஏறாத இடத்திலிருந்து ஒரு கிள்ளு. சாக்கிலிருந்து வந்த எல்லாத் துண்டுகளையும் இப்படியே செய்தேன். இளநீர் சீவுகிறவனுக்குக்கூட அவ்வளவு கை நோகாது.

மேல் படையில் மூன்று பட்டை. அடுத்ததில் கீழ்ப் பட்டைகள் மங்கல். நடுவில் ஒன்றே ஒன்று. எல்லாத் துண்டிலும் அப்படியே.

"இறைச்சி சுறா," என்றார் மெடம். "ஓங்கில் வெளியில பட்டிருக்கு."

"எங்கயிருந்து பட்டது, மெடம்?"

"அது எங்களுக்கு அனுப்பின கேள்வி இல்லை."

அறிக்கையில் இரண்டு வசனம் எழுதினார். அதைவிட ஒரு சொல்லும் எழுதவில்லை.

வழக்கு நாளில் மெடமும் நானும் கோட்டுக்குப் போனோம். அன்னபாக்கியம் வெள்ளைச் சேலையில் கூண்டில் நின்றார். பின்வரிசையில், சுவரோடு சாய்ந்து ஒரு இளைஞன் நின்றான். மருமகன் யோகன் என்று பிறகுதான் தெரிந்தது. மெடம் சாட்சிக்கூண்டில் ஏறி இரண்டு வசனத்தையும் சொன்னார். நடு இறைச்சி சுறா. மேற்பரப்பில் ஓங்கில் பட்டிருக்கிறது.

"எப்படிப் பட்டிருக்கும்?" என்று நீதவான் கேட்டார்.

"என்சைமுக்கு அது தெரியாது, ஐயா."

நீதவான் அன்னபாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் கருவாடு எப்பிடிப் போடுறனீங்கள்?"

தெரிந்த விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. "மீனைக் கீறி, உப்புத் தண்ணியில ஊறவிடுறது, ஐயா. புதுத் தண்ணி மட்டும் காணாது. பழைய தண்ணியும் விடோணும், அப்பதான் கருவாடு மணக்கும். தயிருக்கு உறை விடுற மாதிரி. மருமேன்ர பரலில எப்பவும் பழைய தண்ணி கிடக்கும். அதில ரெண்டு வாளி எடுத்து..."

அங்கே நிறுத்தினார்.

அவருக்கு விளங்கியது எனக்கும் விளங்கியது. பரிசோதகருக்கும் விளங்கியது, அவர் முன்னால் சாய்ந்தார். ஓங்கில் அந்தத் தண்ணீரில் இருந்திருக்கிறது; சுறா கறுத்ததும் அதனால்தான். பரல் என்ற அந்தப் பீப்பாய் மருமகனுடையது. இன்னொரு வார்த்தை சொன்னால் அந்த அம்மா வீட்டுக்குப் போகலாம், பிறந்த குழந்தையின் தகப்பன் கூண்டில் ஏறுவான்.

"சொல்லுங்கோ, அம்மா. ஆற்றை பரல்?"

"என்ரது, ஐயா. மாறிச் சொல்லிப்போட்டன். பரல் என்ரது. ஓங்கிலும் நான்தான் போட்டது."

புருஷனின் உடம்பைக் காட்டித் தந்த ஓங்கிலை வெட்டினேன் என்று அந்த அம்மா வாயாலேயே சொன்னார். நான் மெடத்தைப் பார்த்தேன். மெடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரல் என்ரது, ஐயா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யோகன் சுவரை விட்டு விலகி முன்னால் வந்திருந்தான். "மாமிக்கு ஒண்டும் தெரியாது."

நீதவான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். ஓங்கில் வலையில் பட்டுச் செத்து வந்தது என்றான். கடலில் விட்டிருக்கவேண்டும். சுறாத் தூண்டிலுக்கு இரையாகும் என்று ஆசைப்பட்டு வெட்டி, பரலில் உப்பில் போட்டுவிட்டான்.

"அந்தத் தண்ணியை எடுக்கவேண்டாமெண்டு மாமியாரிட்டச் சொல்லேல்லையோ?"

"நாங்கள் கதைக்கிறேல்லை, ஐயா."

"கோபமோ?"

"இல்லை, ஐயா." யோகனுக்கு இது எப்படிக் கேள்வியாகும் என்றே விளங்கவில்லை. "மாமியெல்லோ."

வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. அது மரியாதை. சொல்லவேண்டியதை மகளிடம் சொல்லுவார்கள். மகள் மற்றப் பக்கம் சொல்லுவாள். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் கோழியிடமோ நாயிடமோ சத்தமாகச் சொல்லுவார்கள், கேட்கவேண்டியவர் கேட்டுக்கொள்வார். அந்த நேரம் சுமதி பிரசவத்துக்கு ஆசுப்பத்திரியில். பார்வையிடும் நேரத்தில் போய், பிள்ளை பெறப்போகிறவளிடம் பரல் கதையைச் சொல்வதா என்று யோகன் விட்டுவிட்டான்.

"ஆனால் அடையாளம் வைச்சனான், ஐயா. பரலுக்கு மேல பலகை போட்டு, பலகைக்கு மேல பெரிய கல்லும் வைச்சனான்."

கூண்டிலிருந்து அன்னபாக்கியம் வாயைத் திறந்தார். மருமகனைப் பார்க்கவில்லை, நீதவானைப் பார்த்துத்தான் சொன்னார். "நான் காகம் கொத்தாமலிருக்க வைச்சதெண்டு நினைச்சன், ஐயா. தூக்கி அங்கால வைச்சிட்டு அள்ளினனான்."

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். "வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திராதே," என்றார். கோட்டில் இருந்த பாதிப்பேருக்கு மாமியார் இருந்தார்கள்.

அன்னபாக்கியத்தை விடுவித்தார்கள். யோகன்மேல் தனி வழக்குப் போட்டு, பிறகு ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தார்கள். அவன் அதற்கு மேல் ஓங்கில் பக்கம் போகவில்லை என்று பரிசோதகரே எனக்குச் சொன்னார்.

அன்று கோட்டு விறாந்தைக்கு வந்தபோது, அன்னபாக்கியம் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். யோகன் எட்ட நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். மகள் இல்லை; குழந்தையோடு வீட்டில். கோழியும் இல்லை, நாயும் இல்லை. கடைசியில் என்னைக் கண்டு கையைக் காட்டினார்.

"பிள்ளை, இவரிட்டச் சொல்லும்..."

நான் ஓர் அடி வைத்தேன். மெடம் என் கையைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டது அந்த ஒருமுறைதான்.

"நீர் வாரும், கமலா. அவ ஏதோ கதைக்கப்போறா."

படியில் இறங்கினோம். கடைசிப் படிக்கு வந்தபோதுதான் பின்னால் கேட்டது.

"தம்பி."

"ஓம், மாமி."

"அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு, பரலை வடிவாக் கழுவும்."

"ஓம், மாமி."

"இனிக் கல்லு வைக்காதையும்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மெடம் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பினேன். தேவையிருக்கவில்லை. மெடம் குடையை விரிக்காமலே, நட்டநடு வெயிலில், எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.